குழந்தை நூலாக்கமும் கூடித் தொழில் பயிலலும்

நூல் செய்வோன் தனித்திருந்தே செய்கிறான். அவனுக்குத் துணை அவனது உள்ளமொன்றே என்பது இக்காலத்தார் பலரிடம் வேரூன்றிய எண்ணம். நம் முன்னோர் அவ்வாறு எண்ணினாரல்லர். சங்கம் என்னும் சொல் நமது இலக்கிய வரலாற்றின் வாயிலிலேயே நிற்கின்றது. தொல்காப்பியம் பாண்டியன் அவையிலே அதங்கோட்டாசான் என்னும் புலமையாளர் முன் குற்றமற எடுத்துக் காட்டப்பட்டதென்று அதன் பாயிரம் கூறும். அரங்கேற்றம் என்பது பாராட்டு விழாவன்று. நூலாசிரியன் தன் நூலைக் கற்றோர் முன் வைத்து, எழுந்த வினாக்களுக்கு விடையிறுத்து, குறை காணப்பட்டவிடத்துத் திருத்தி, அதன் பின்னரே உலகிற்கு அளித்தல் அரங்கேற்றமாகும். பாட்டுடைத் தலைவனைப் பாடிய பெருங்காப்பியத்துக்கு இத்தகைய அவை வேண்டுமாயின், நாலு வரிக் குழந்தைப் பாட்டுக்கும் பதினாறு பக்கப் படக்கதைக்கும் அவை வேண்டாவோ? வேண்டுமென்பதும், பெருநூலினும் சிறுவர் நூலுக்கே அது மிகுதியும் வேண்டுமென்பதும் இக்கட்டுரையின் துணிபு.

இவ்வாறு கூறுதற்குக் காரணம் இரண்டு. முதலாவது, சிறுவர் நூல் ஒருவர் ஆக்கமன்று. எழுதுவோன் கை ஒன்று. வரைவோன் கை மற்றொன்று. எழுத்தறியாப் பருவத்துக் குழந்தைக்குப் படமே முதல் எழுத்து. இரண்டாவது, அந்நூலைப் படிப்போர் மறுப்புரை எழுத வல்லவரல்லர். வளர்ந்தோர் நூலிற் குறையிருப்பின் திறனாய்வாளன் சுட்டுவான். வாசகன் கடிதம் வரைவான். குழந்தையோ நூலை மூடிவைத்துவிட்டு விளையாடப் போய்விடும். அதன் மௌனத்தை உடன்பாடென்று நாம் கொள்கிறோம். ஆகவே, நூல் அச்சேறுமுன்னரே குறை காண்பதற்கு ஓர் அவை இன்றியமையாததாகின்றது.

இவ்வுண்மையை யான் நூல்களிற் கற்றேனல்லேன்; என் பிழையாற் கற்றேன். சில ஆண்டுகளின் முன் சிறுவர் கதையொன்றை எழுதி வெளியீட்டாளரொருவரிடம் ஒப்படைத்தேன். மாலைக் கருக்கலில், பனங்கூடலினூடே தனியே வீடு திரும்பும் சிறுமியின் அச்சமே அக்கதையின் உயிர். காவோலை காற்றிற் சலசலக்கும் ஒலியைப் பேயென்று மருண்ட அவள், மறுநாட் காலை அதே ஓலையைத் தன் தாய் அடுப்பெரிக்க இழுத்து வரக் கண்டு சிரிக்கிறாள். படம் வரைந்தவர் யாரென்பதை நூல் கைக்கு வந்த பின்னரே அறிந்தேன். அவரும் என்னை அறியார். நூலை நான்காம் வகுப்பிற் படித்துக் காட்டியபோது முன்வரிசைச் சிறுவனொருவன் எழுந்து, "சேர், இது தென்னையல்லவா? வெயிலும் எறிக்குதே, பிறகேன் பயப்படுகிறாள்?" என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது. படத்தில் நண்பகல் வெயிலும் தென்னந்தோப்பும் இருந்தன. அன்று ஓவியர்மீது சினங்கொண்டேன். பின்னர் ஆறியிருந்து எண்ணியபோது, காவோலை என்ற சொல்லை எழுதிய நான் அது எவ்வாறிருக்குமென்று அவருக்கு ஒருமுறையேனும் சொல்ல முயலவில்லை என்பது புலனாயிற்று. நாங்களிருவரும் ஒரே நூலைச் செய்தோம். ஆனாற் கூடிச் செய்யவில்லை.

இனி, நம் நாட்டு வரலாற்றை நோக்குவோம். யாழ்ப்பாணத்திற் சிறுவர்க்கென அச்சிடப்பட்ட நூல்களில் ஆறுமுக நாவலரின் பாலபாடங்கள் முன்வரிசையில் வைத்தெண்ணத்தக்கவை. அவற்றுள் முதலிரண்டும் 1850, 1851 ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. நாவலர் நோக்கம் கல்வியும் ஒழுக்கமும், விளையாட்டன்று. குழந்தையின் களிப்பையே பொருளாகக் கொண்டு பாடிய பெருமை நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவருக்குரியது. 1878 இற் பிறந்து 1953 இல் மறைந்த அப்பெரியார் வட்டுக்கோட்டையில் நெடுங்காலம் ஆசிரியராயிருந்தவர். ஆடிப்பிறப்பின் கூழையும் கொழுக்கட்டையையும், கத்தரித் தோட்டத்து வெருளியையும், தாடியறுந்த வேடனையும் அவர் பாடியபோது, அப்பாட்டுக்களின் சுவையைச் சிறுவர் முகத்திலேயே அளந்தறியும் வாய்ப்பு ஆசிரியரான அவருக்கு இருந்தது. அவர் மறைந்தபின் 1955 இல் வெளிவந்த 'சிறுவர் செந்தமிழ்' இதற்குச் சான்று. அவரையடுத்துக் 'குழந்தை மொழி' பாடிய பண்டிதர் க. வேந்தனாரும் ஆசிரியரே. இவர்கள் சங்கம் எதனையும் நாடாமலே சிறந்தார்களன்றோ என வினவுவாருளர். சங்கம் நாடவில்லையென்பது உண்மை, அவையில்லாதிருந்தாரென்பது உண்மையன்று. வகுப்பறையே அவர்களுக்கு அவையாயிருந்தது. ஆயின், அவ்வவையிற் பாட்டுக்கு இடமிருந்தது, படத்துக்கு இருக்கவில்லை. சோமசுந்தரப் புலவருடைய வெருளியை நம் பிள்ளைகள் காதாற் கேட்டார்கள். அவருக்கு நிகரான ஓவியக் கை ஒன்று அவரருகில் இருந்திருப்பின் அவ்வெருளி எவ்வடிவில் நின்றிருக்கும் என்று எண்ணிப் பார்க்கையில், நாம் இழந்தது இன்னதென்பது தெளிவாகும்.

தமிழகத்திலே குழந்தைக்காக எழுதுவோர் ஒருங்குகூடிய முயற்சி 1950 இல் தோன்றியது. அவ்வாண்டு சென்னையிற் குழந்தை எழுத்தாளர் சங்கம் நிறுவப்பெற்றது. சக்தி வை. கோவிந்தனும் அழ. வள்ளியப்பாவும் அதன் முன்னோடிகள். வள்ளியப்பா வங்கியிற் பணியாற்றிக்கொண்டே குழந்தைகட்குப் பாடியவர். 1944 இல் அவர் வெளியிட்ட 'மலரும் உள்ளம்' இருபத்துமூன்று பாட்டுக்களையுடைய சிறு நூல். குழந்தைக்கு எழுதுதல் பெரியோர்க்கு எழுதத் தெரியாதாரின் புகலிடம் என்ற ஏளனம் நிலவிய காலத்தில், அது தனியொரு துறையென்றும் அதற்கெனத் தனித் தேர்ச்சி வேண்டுமென்றும் நிலைநாட்டியமை அச்சங்கத்தின் அழியாப் புகழ். மாநாடுகள் கூட்டியும், போட்டிகளும் பரிசுகளும் வைத்தும், குழந்தை எழுத்தாளர்களைப் பற்றிய விவரங்களைத் தொகுத்தும் அது பணிபுரிந்தது.

எனினும், திறனாய்வு நோக்கிற் கூறவேண்டிய குறையொன்றுண்டு. அச்சங்கம் தன் பெயரளவில் எழுத்தாளர் சங்கமே. ஓவியருக்கு அப்பெயரில் இடமில்லை. பாட்டின் ஓசையும் சொல்லின் எளிமையும் ஆராயப்பட்ட அளவுக்கு, பக்கத்தின் அமைப்பும் படத்தின் பொருளும் நம் குழந்தை இலக்கிய உரையாடலில் ஆராயப்படவில்லை. இதன் விளைவாகப் படம் என்பது பாட்டுக்குப் புறத்தே ஒட்டப்படும் அணி என்னும் கொள்கை நம்மிடையே நிலைத்துவிட்டது. 2021 இல் தமிழ்நாட்டில் அமைக்கப்பட்ட சிறார் எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம் தன் பெயரிலேயே கலைஞரையும் சேர்த்துக்கொண்டமை வரவேற்கத்தக்கது. எழுபத்தோராண்டு கழிந்து ஒரு சொல் சேர்ந்திருக்கின்றது.

இக்குறை தமிழர்க்கு மட்டுமே உரியதன்று. அமெரிக்காவிற் சிறந்த சிறுவர் நூலாசிரியர்க்கான நியூபெரிப் பதக்கம் 1922 இல் முதன்முறை வழங்கப்பட்டது. படநூல் ஓவியர்க்கான கல்டெகொற் பதக்கம் 1938 இலேதான் வந்தது. இங்கிலாந்திலே எழுத்தாளர்க்கான கார்னகிப் பதக்கம் 1936 இல் எழுந்தது; ஓவியர்க்கான கிறீனவே பதக்கம் 1955 இலே நிறுவப்பெற்றது. அனைத்துலக நிலையில் ஹான்ஸ் கிறிஸ்தியன் அண்டர்சன் விருது எழுத்தாளர்க்கு 1956 இலும், ஓவியர்க்கு 1966 இலும் தொடங்கியது. இந்தியாவில் 2010 இல் சாகித்திய அக்காதெமி ஏற்படுத்திய சிறுவர் இலக்கிய விருது எழுத்தாளர்க்கே உரியதாயுளது. இவ்வாண்டுகளை வரிசைப்படுத்தி நோக்குவோர்க்கு ஓருண்மை விளங்கும். எங்கும் எழுத்தாளன் முன்னே செல்கிறான். ஓவியன் பத்தாண்டோ இருபதாண்டோ கழித்து அழைக்கப்படுகிறான். குழந்தையின் கண்ணோ முதலில் படத்திலேதான் விழுகின்றது.

படம் அணியன்று, நூலின் உறுப்பே என்பதை விளக்க ஒரு நூலின் அமைப்பைச் சற்று விரித்துரைத்தல் தகும். மோறிஸ் செண்டாக் என்பார் 1963 இல் தாமே எழுதி வரைந்து வெளியிட்ட நூலில், குறும்பு செய்ததற்காக இராவுணவின்றி அறைக்கனுப்பப்பட்ட மாக்ஸ் என்னும் சிறுவன், பூதங்கள் வாழும் தீவுக்குச் சென்று அவற்றுக்கு அரசனாகி, ஈற்றில் வீடு திரும்புகிறான். நூல் முழுவதிலுமுள்ள சொற்கள் நானூற்றுக்கும் குறைவே. தொடக்கத்திற் படம் பக்கத்தின் நடுவே சிறிதாய் நிற்கும். சிறுவன் அறை காடாக மாறமாற, படமும் பெருகிப் பக்கத்தை நிறைத்து, அடுத்த பக்கத்திலும் பரவும். பூதங்களின் களியாட்டத்தில் மூன்று இரட்டைப் பக்கங்கள் சொல்லே இன்றிப் படமாகவே விரியும். வீடு திரும்புங்காற் படம் மீண்டும் சுருங்கும். இறுதிப் பக்கத்திற் படமே இல்லை, உணவு சூடாயிருந்த செய்தி மட்டுமே உண்டு. சினம் பெருகித் தணிதலைச் சொல்லாற் கூறாது படத்தின் அளவாற் கூறியமை இதன் நுட்பம். இங்கு படத்தை நீக்கினால் எஞ்சுவது கதையின் எலும்பு மட்டுமே.

இந்நூலும் தனிமையிற் பிறந்ததன்று என்பது கருதத்தக்கது. செண்டாக் முதலில் எண்ணியது காட்டுக் குதிரைகளைப் பற்றிய கதை. குதிரை வரைதல் தமக்குக் கைவராதெனக் கண்டு அவர் இடர்ப்பட்டார். அவருடைய பதிப்பாசிரியையான ஊர்சுலா நோட்ஸ்ரம் அவருடன் உசாவி வழிகாட்ட, குதிரைகள் பூதங்களாயின. எழுத்தும் ஓவியமும் ஒருவர் கையிலேயே அமைந்த மேதைக்கும் குறைகேட்டு வழிசொல்ல ஒருவர் வேண்டியிருந்தாராயின், ஏனையோர்க்கு அத்துணை எவ்வளவு வேண்டுமென்பது சொல்லாமலே அமையும்.

கூட்டுத் தொழிலின் பயனை நம் மொழியிலும் ஒருவாறு காணலாம். 1947 இற் சென்னையில் தொடங்கப்பட்ட 'அம்புலிமாமா' இதழை ஈழத்துச் சிறுவர் பல தலைமுறையாகப் படித்தனர். அதன் ஓவியர் கண்டதும் அறியாததுமாய் எங்கோ இருந்தவரல்லர். இதழ் அலுவலகத்திலேயே அமர்ந்து, கதையாசிரியரோடும் தம்முள்ளும் கலந்து வரைந்தவர். 1952 இல் அங்கு சேர்ந்து, 2020 இல் மறைந்த சங்கர் என்னும் ஓவியரின் விக்கிரமாதித்தனும் அவன் தோளிலே தொங்கும் வேதாளமும் இன்றும் நம் கண்முன் நிற்கின்றமைக்கு, நெடுங்காலம் ஓரிடத்திருந்து பயின்ற பயிற்சியே காரணம். அவ்விதழ் நின்றுபோயிற்று, அதனோடு அப்பட்டறையும் கலைந்தது. தனி நூல்களை வெளியிடுவோரிடம் அத்தகைய ஏற்பாடு அரிது. ஆகவே, ஓர் அலுவலகம் செய்ததை இனிச் சங்கமே செய்யவேண்டியிருக்கின்றது.

பிறநாட்டார் இதனை எவ்வாறு செய்தனர்? 1971 இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஸ்ரீவன் மூசர், லின் ஒலிவர் என்னும் இளம் எழுத்தாளர் இருவர், சிறுவர்க்கு எழுதும் தொழிலைக் கற்பிக்கும் அமைப்பெதுவுமின்மை கண்டு, தாமே ஒரு சங்கம் தொடங்கினர். அச்சங்கமும் முதலில் எழுத்தாளர் பெயரையே தாங்கி, பின்னரே ஓவியரையும் தன் பெயரிற் சேர்த்துக்கொண்டது. இன்று பல நாடுகளிலும் கிளை பரப்பி, இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட உறுப்பினரைக் கொண்டுளது. 1973 முதல் உறுப்பினரே உறுப்பினர் நூலைத் தெரிந்து பரிசளிக்கும் வழக்கமும் அங்குண்டு. ஆயினும், அச்சங்கத்தின் உயிர் மாநாட்டிலுமில்லை, பரிசிலுமில்லை. உறுப்பினர் சிலர் சிறு குழுவாகக் கூடி, ஒருவர் கையெழுத்துப் பிரதியை மற்றவர் படித்து, இன்னது நன்று, இன்னது நன்றன்று எனக் காரணங்காட்டி உரைக்கும் வழக்கத்திலேயே உளது. ஒப்பந்தம் எவ்வாறெழுதுவது, பதிப்புரிமை யாருக்குரியது, ஓவியர்க்கு ஒருமுறைக் கூலியோ நூல் விற்குந்தோறும் பங்கோ என்பன போன்ற தொழில் வினாக்களையும் புதியோர் அங்கே மூத்தோரிடம் கேட்டறிகின்றனர்.

இதனினும் முற்பட்டது, யெல்லா லெப்மன் என்னும் அம்மையார் தொடங்கிய முயற்சி. போரால் அழிந்த ஜேர்மனியில், 1946 இலே பல நாட்டுச் சிறுவர் நூல்களைத் திரட்டிக் காட்சிப்படுத்திய அவர், 1949 இல் மியூனிக்கு நகரிற் பன்னாட்டு இளையோர் நூலகத்தை நிறுவினார். 1953 இல் சுவிற்சர்லாந்தின் சூரிச்சு நகரில் இளையோர் நூல்கட்கான பன்னாட்டு அவையை அமைத்தார். பகைமை நீங்குதற்குக் குழந்தை நூல் பாலமாகும் என்பது அவர் கொண்ட நம்பிக்கை. போரிற் பள்ளியும் நூலகமும் இழந்த நமக்கு, நெல்லும் செங்கல்லும் தேடிய நாட்களிலேயே குழந்தைக்கு நூல் தேடிய அவ்வம்மையாரின் செயல் சிறப்பாக எண்ணத்தக்கது.

இவற்றைக் கூறியதனாற் பிறர் வழியை அப்படியே பின்பற்றுக என்பது கருத்தன்று. சங்கத்தால் விளையும் தீமைகளுமுள. ஒரே பயிற்சி பெற்றோர் ஒரேவிதமாக எழுதத் தலைப்படுவர். விற்பனை வழிகளே பேச்சாகிக் குழந்தை மறக்கப்படுதலும் கூடும். நம்மவரிடையே வேறொரு நோயுமுண்டு. கூடிய இடமெல்லாம் பொன்னாடையும் வாழ்த்துரையுமாதலே அது. ஒருவரையொருவர் புகழ்தற்குக் கூடுவோர் சங்கமாகார். முகத்துக்கு நேரே குறை கூறலும், கூறிய குறையை மனங்கோணாது ஏற்றலும் பயிலாதவிடத்து, எத்தனை மாநாடு கூட்டினும் நூல் திருந்தாது. பயிற்சி மேதையை ஆக்குமோ எனின், ஆக்காது. ஆனாற் பனைக்குத் தென்னை வரையும் பிழையைத் தடுக்கும். நம் குழந்தைகட்கு இன்று தேவை மேதைகள் மட்டுமல்லர்; பிழையற்ற, அழகிய, தம் ஊரைத் தாம் காணத்தக்க பல நூல்களுமாகும்.

நம் நாட்டிலேயே வழிகாட்டுவார் இல்லாமற் போகவில்லை. 1956 இல் 'குடைத் திருடன்' கதையைச் சிங்களத்தில் நூலாக வெளியிட்ட சிபில் வெத்தசிங்க அம்மையார், இளமையிலேயே பத்திரிகை அலுவலகத்திற் சேர்ந்து தொழில் பயின்றவர். குடை காணாத கிராமத்துக்குக் குடை கொண்டுவரும் மாமனும், அதனைத் திருடும் குரங்கும் நடமாடும் அந்நூலிற் கிராமத்தாரின் உடையும் நடையும் அவர் கண்டவாறே உள்ளன. 2020 இல் அவர் மறையும்வரை, எழுத்தும் ஓவியமும் அவர் கையில் ஒன்றாகவே இயங்கின. அவர் நூல் பிறமொழிகளிற் பெயர்க்கப்பட்டு உலகெங்கும் சென்றது தன் ஊரை மறந்ததனாலன்று. ஊரை உள்ளவாறே வரைந்ததனால். ஈழத்துத் தமிழ்ச் சிறுவர் நூலிலும் வடலியும், களப்பும், மலையகத்துக் கொழுந்துக் கூடையும் உள்ளவாறே தோன்றுதல் வேண்டும்.

இதற்குப் பெருநிதி வேண்டுமென்று காத்திருத்தல் வேண்டா. ஒவ்வொரு கல்லூரியிலும் தமிழாசிரியர் ஒருவரும் சித்திர ஆசிரியர் ஒருவரும் உளர். இருவரும் ஒரே ஆசிரியர் அறையிலிருந்து தேநீர் அருந்துகின்றனர். எனினும், ஒரு நூலைப் பற்றி ஒருமுறையேனும் கூடிப் பேசினாரல்லர். இவர்கள் திங்களுக்கொருமுறை கூடுவாராக. எழுதியதைப் படித்துக் காட்டுக. தாள்களை மடித்துத் தைத்து மாதிரிப் புத்தகமொன்று செய்து, எப்பக்கத்தில் எது வரும், ஏட்டைப் புரட்டுமுன் குழந்தை எதனை எதிர்பார்க்கும், படம் சொல்லுவதைச் சொல் மீண்டும் கூறுகின்றதோ என ஆராய்க. பின்னர் அம்மாதிரியை வகுப்பறைக்கு எடுத்துச் செல்க. மாணவரின் கண் எங்கே நின்றது, கால் எப்போது ஆடியது, யாது வினா எழுந்தது எனக் குறித்துக் கொள்க. சோமசுந்தரப் புலவர்க்கு வாய்த்த அவை இன்றும் நம் முன்னே சப்பணமிட்டு அமர்ந்திருக்கின்றது.

என் கதையைக் குறித்து ஒன்று கூறி முடிப்பேன். அண்மையில் அதனை எம் சித்திர ஆசிரியரிடம் படித்துக் காட்டினேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்து, பேயென்று அவள் மருளும் பக்கத்திற் பேயையும் வரையலாகாது, ஓலையையும் வரையலாகாது, அவள் நிழலை மட்டும் நீளமாக வரைதல் வேண்டும் என்றார். பின், நான் எழுதிய எட்டு வரிகளில் ஆறினை நீக்குமாறு வேண்டினார். நீக்குவது எளிதாயிருக்கவில்லை. இரண்டு வரியும் ஒரு நிழலுமாய் நின்ற அப்பக்கத்தை வகுப்பிற் காட்டியபோது எவரும் சிரிக்கவில்லை. முன்வரிசைச் சிறுமியொருத்தி மெல்லத் தன் தோழியின் கையைப் பற்றிக்கொண்டாள். யான் எழுதிய எந்த வரிக்கும் இத்தகைய மதிப்புரை இதுவரை கிடைத்ததில்லை.